ஒரு சாண் குடலும் அதன் வாயிற்காவலும்



"எல்லாம் இந்த ஒரு சாண் வயிற்றுக்காகத்தான்" என்பது, உழைத்துக் களைத்தவர் வாயில் தமிழகமெங்கும் நாளும் கேட்கும் பேச்சு. அதனை வெறும் உவமை என்றே பலரும் கொள்கின்றனர். ஆயின், இரைப்பையை அடுத்துத் தொடங்கும் குடற்பகுதி மெய்யாகவே ஏறத்தாழ ஒரு சாண் நீளமுடையது. உண்ட உணவு உடலுக்கு உரமாக மாறும் வேலைக்கு அடிகோலப்பெறும் இடம் அது. உழைப்பாளியை நள்ளிரவில் எழுப்பி, மேல்வயிற்றைக் கையால் அமுக்கிக்கொண்டு குந்தியிருக்க வைக்கும் புண் தோன்றும் இடமும் அதுவே.

அப் புண்ணை மக்கள் 'அல்சர்' என்பர். யார்க்கு அது வந்தாலும் சுற்றத்தார் உடனே தீர்ப்புக் கூறிவிடுவர்: "வேளைக்கு உண்ணாமையால் வந்தது, காரத்தை அள்ளித் தின்றமையால் வந்தது, எதற்கெடுத்தாலும் கவலைப்படுவதால் வந்தது." அஃதாவது, நோயுற்றவரே குற்றவாளி! வீட்டார் அனைவர்க்கும் பரிமாறிவிட்டு, எஞ்சியதைக் கடைசியில் உண்ணும் பெண்ணுக்கு வயிற்றில் புண் வந்தால், நோவோடு பழியும் அவள்மேலேயே வந்து விழுகின்றது.

இத் தீர்ப்பு சரியானதா? நோயின் முதல் எது எனத் தேடிக் காண்க என்பது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் காட்டும் நெறி. அந் நெறிப்படி இரைப்பையையும் அதனை அடுத்த ஒரு சாண் குடலையும் ஆராய்வதே இவ்வுரையின் பொருள்.

பெயரும் பொருளும்

கிறித்துவுக்கு முன் 300ஆம் ஆண்டையொட்டி, அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் எரோபிலசு என்பார், இறந்தோர் உடலை அறுத்து உள்ளுறுப்புகளைக் கண்டவர். இரைப்பையை அடுத்த குடற்பகுதியை அவர் விரலால் அளந்தார். பன்னிரண்டு விரல் அகலம் இருந்தது. எனவே 'பன்னிருவிரல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையே அதற்குப் பெயராக்கினார். அப் பெயர் அரபு மொழிக்குச் சென்று, அங்கிருந்து இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 'பன்னிரண்டு' என்னும் எண்ணுப்பெயராகக் குறுகி, இன்று உலக மருத்துவ நூல்களில் நின்று வழங்குகின்றது.

பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண் என்பது தமிழர் அளவை. ஆகவே, கிரேக்க மருத்துவர் விரலால் அளந்ததும் தமிழ் உழவர் 'ஒரு சாண்' என்பதும் ஒரே நீளமே. இற்றை அளவையில் அஃது ஏறத்தாழ 25 செ.மீ. ஆகும். தமிழில் அதன் பெயர் முன்சிறுகுடல். சிறுகுடலின் முன்பகுதி என்பது பெயரிலேயே விளங்கும். இரைப்பை என்னும் சொல்லோ அதனினும் தெளிவானது. இரை தங்கும் பை அது. இரைப்பையின் கீழ்முனைக்குக் கிரேக்கர் இட்ட பெயர் 'வாயில் காப்பான்' என்று பொருள்படுவது.

இவை அனைத்தும் தெருவிலும் வீட்டிலும் வழங்கிய எளிய சொற்களே என்பதை உன்னுக. விரல், வாயில், காவலன் என்னும் சொற்களைக் கொண்டே ஓர் அறிவியல் கட்டப்பட்டது. செருமானியர் இன்றும் இக் குடலைப் 'பன்னிருவிரற்குடல்' என்று பொருள்படும் தம் மொழிச் சொல்லாலேயே வழங்குகின்றனர். அங்கு மருத்துவர் சொல்வதும் நோயாளி சொல்வதும் ஒரு சொல்லே. தன் உறுப்பின் பெயரும் வேலையும் தன் மொழியில் அறிந்தவன், எங்கு நோகிறது, எப்போது நோகிறது என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வல்லவன் ஆகின்றான்.

இரைப்பையின் அமைப்பும் தொழிலும்

வயிறு நோகிறது என்பார் பலர் கொப்பூழுக்குக் கீழே கைவைத்துக் காட்டுவர். அங்கிருப்பது பெரும்பாலும் குடல். இரைப்பை அதற்கு மேலே, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரைக்குக் கீழே, இடப்பக்க விலா எலும்புகளால் ஒருபுடை மறைக்கப்பட்டுக் கிடப்பது. உணவில்லாதபோது மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கும். உண்ணும்போது அம் மடிப்புகள் விரிந்து, ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை இயல்பாகக் கொள்ளும்.

அதன் சுவரில் தசைகள் மூவகையாய் அமைந்துள்ளன: நீளவாட்டில் ஓரடுக்கு, வளையமாக ஓரடுக்கு, சாய்வாக ஓரடுக்கு. உடலின் பிற உணவுப்பாதைப் பகுதிகளுக்கு இரண்டடுக்கே உண்டு. மூன்றாவதாகிய சாய்தசை இரைப்பைக்கே உரியது. உணவைத் தள்ளுவதோடு நில்லாமல், பிசைந்து அரைக்கவும் வேண்டியிருத்தலே இதற்குக் கரணியம். நிமையத்திற்கு மூன்றுமுறை ஏற்படும் அலை, உணவைக் கீழ்வாயிலை நோக்கித் தள்ளும். வாயிற்காவலாகிய தசைவளையம், நன்கு கூழானதை மட்டும் சிறிது சிறிதாக வெளியே விடும். பருமனானவற்றைத் திருப்பி அனுப்பும். திரும்பியது மீண்டும் அரைபடும். ஆட்டுக்கல்லில் ஓரத்துக்கு ஒதுங்கிய மாவைக் கை மீண்டும் குழிக்குள் தள்ளிவிடுவது போன்றது இது. நீர்ப்பொருள் விரைவில் கடந்துவிடும். திண்ணிய உணவு கடக்க இரண்டு முதல் நான்கு மணிநேரம் ஆகும். கொழுப்பு மிகுந்தது இன்னும் நெடிது தங்கும்.

அரைப்பதோடு கரைப்பதும் இரைப்பையின் தொழில். அதன் உட்சுவரிலுள்ள சுரப்பிகள் நாள்தோறும் இரண்டு லிட்டர் அளவிற்குச் செரிநீரைச் சுரக்கின்றன. அந் நீரில் அமிலம் என வழங்கப்பெறும் காடி உள்ளது. அஃது உப்பிலிருந்தும் உண்டாக்கத்தக்கதாகிய உப்புக்காடி. எலுமிச்சைச் சாற்றினும் கடுமையானது. இரைப்பை நீரிலுள்ளது இக் காடியே என்பதை 1820களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வில்லியம் பிரௌட்டு என்பார் மெய்ப்பித்தார். 1836இல் செருமானிய அறிஞர் தியோடர் சுவான், புரதத்தை அறுக்கும் 'பெப்சின்' என்னும் நொதியை அதே நீரில் கண்டறிந்தார். காடி புரதத்தின் முறுக்கை அவிழ்க்கும். உணவோடு வரும் கிருமிகளில் மிகப் பலவற்றைக் கொல்லும். பெப்சின் வேலை செய்தற்கேற்ற கடுமையை உண்டாக்கும். பி12 என்னும் உயிர்ச்சத்தைக் குடல் ஏற்கத் துணைநிற்கும் ஒரு பொருளும் இரைப்பையிலேயே சுரக்கின்றது. அஃது இல்லையேல் குருதிச் சோகை வரும்.

இங்கு ஒரு வினா எழும். ஆட்டிறைச்சியைக் கரைக்கும் நீர், இறைச்சியால் ஆன இரைப்பையையே ஏன் கரைப்பதில்லை? உட்சுவர் முழுதும் பிசுபிசுத்த கோழைப்படலம் ஒன்று போர்த்தியிருக்கின்றது. அப் படலத்தினுள் காடியை முறிக்கும் காரப்பொருள் இடையறாது ஊறுகின்றது. அதன்கீழுள்ள உயிரணுக்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதோடு, சில நாட்களுக்கு ஒருமுறை முற்றும் புதியனவாக மாறுகின்றன. இவற்றிற்கு வேண்டும் குருதியோட்டமும் குறைவின்றி நடைபெறுகின்றது. காடி என்னும் வாளும் கோழை என்னும் கேடகமும் ஒரே வீட்டில் உறைகின்றன. வாள் கூர்மையானதால் மட்டும் புண் வருவதில்லை. கேடகம் ஓட்டையானால் வரும். இவ் வுரையில் வேறெதை மறப்பினும் இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

வயிற்றில் திறந்த பலகணி

உயிரோடிருப்பவரின் இரைப்பையுள் நடப்பதை மாந்தன் முதன்முதல் நெடுங்காலம் நோக்கியது ஒரு தீப்பேற்றினால் ஆகும். 1822ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள், அமெரிக்காவின் மிச்சிகன் பகுதியிலுள்ள மாக்கினாத் தீவில், தோல்வணிகத்தார் கடையொன்றில் துமுக்கி ஒன்று தவறி வெடித்தது. அருகில் நின்ற அலெக்சிசு செயிண்டு மார்ட்டின் என்னும் கனடியப் படகோட்டியின் இடப்பக்கம் பிளந்தது. படைமருத்துவர் வில்லியம் போமாண்டு அவரைப் பிழைக்க வைத்தார். ஆனால் புண் ஆறியபோது, வயிற்றுத் தோலிலிருந்து இரைப்பைக்குள் செல்லும் துளையொன்று மூடாமலே நின்றுவிட்டது.

1825 முதல் 1833 வரை, இடையிட்டு இடையிட்டு, போமாண்டு அத் துளைவழியே நோக்கினார். பட்டு நூலில் இறைச்சித் துண்டும் உரொட்டித் துண்டும் முட்டைக்கோசும் கட்டி உள்ளே விட்டு, குறித்த நேரத்தில் வெளியே இழுத்துப் பார்த்தார். செரிநீரை எடுத்துக் குப்பியிலிட்டு உடற்சூட்டில் வைத்தபோது, அங்கும் இறைச்சி கரைந்தது. செரிப்பு என்பது அழுகலும் அன்று, வெறும் அரைப்பும் அன்று. காடிநீரால் நிகழும் வேதிமாற்றம் என்பது ஐயமற விளங்கியது. சினமுற்றபோதும் காய்ச்சலுற்றபோதும் இரைப்பையின் உட்சுவர் நிறமும் நிலையும் மாறுவதையும் அவர் குறித்தார். 1833இல் அவர் நூல் வெளிவந்தது.

அந் நூலால் போமாண்டு புகழ்பெற்றார். எழுதப் படிக்கத் தெரியாத அப் படகோட்டியோ, ஒப்பந்தத்திற் கட்டுண்டு, வீட்டு வேலையும் செய்து, தன் வயிற்றையும் ஆராய்ச்சிக்குத் திறந்து காட்டினார். பலமுறை தம் ஊருக்குத் திரும்பிச் சென்றார். 1880இல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலை அறுத்துப் பார்க்க வந்துவிடாதபடி, குடும்பத்தார் அதனை அழுகும்வரை வைத்திருந்து ஆழக் குழிதோண்டிப் புதைத்தனர். செரிமான அறிவியலுக்கு உலகம் யார்க்குக் கடன்பட்டது என்று கேட்பின், மருத்துவர்க்கு முன்னே இவ் வேழை உழைப்பாளியின் பெயரையே சொல்லல் வேண்டும்.

ஒரு சாண் குடலின் வேலை

வாயிலைக் கடந்த காடிக்கூழ் முன்சிறுகுடலை அடைகின்றது. இக் குடல், கணையத்தின் தலைப்பகுதியை அரைவட்டமாய் வளைத்துக்கொண்டு கிடப்பது. கல்லீரலில் ஊறிப் பித்தப்பையில் தேங்கிய பித்தநீரும், கணையத்தில் ஊறிய கணையநீரும் இதன் நடுப்பகுதியிலுள்ள சிறு முகட்டின் வாயிலாக உள்ளே வந்து சேர்கின்றன. பித்தநீர் கொழுப்பை நுண்டுளிகளாகச் சிதைக்கும். கணையநீரிலுள்ள நொதிகள் கொழுப்பையும் புரதத்தையும் மாப்பொருளையும் அறுக்கும். அந் நீரிலுள்ள காரம், இரைப்பையிலிருந்து வந்த காடியை முறிக்கும். சோற்றிலும் கீரையிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பை உடல் பெரும்பாலும் ஏற்பதும் இவ் விடத்திலேயே ஆகும்.

காடி வந்தது என்னும் செய்தி கணையத்திற்கு எவ்வாறு எட்டுகின்றது? நரம்பின் வழியாகவே என்று அறிஞர் கருதியிருந்தனர். 1902ஆம் ஆண்டு இலண்டனில் பேலிசு, இசுட்டார்லிங்கு என்னும் இருவர், குடலின் நரம்புகளை அறுத்துவிட்ட பின்னும் காடி பட்டவுடன் கணையம் சுரப்பதைக் கண்டனர். குடற்சுவரே ஒரு பொருளைக் குருதியிற் கலந்து தூதனுப்புகின்றது என்று தெரிந்தது. குருதிவழிச் செல்லும் இத்தகைய தூதுப்பொருளுக்கு 1905இல் 'ஆர்மோன்' என்னும் பெயரை இசுட்டார்லிங்கு வழங்கினார். இன்று உலகெங்கும் பேசப்பெறும் இயக்குநீர் அறிவியல் முழுதும் இவ்வொரு சாண் குடலிலேயே பிறந்தது எனலாம்.

பழி சுமந்த நோயாளிகள்

இனிப் புண்ணுக்கு வருவோம். இரைப்பையின் உட்சுவரிலோ முன்சிறுகுடலின் தொடக்கத்திலோ கோழைப்படலம் சிதைந்து, காடி சுவரை அரித்துக் குழியாக்குவதே இப் புண். முன்சிறுகுடற் புண்ணின் நோவு பெரும்பாலும் வெறும்வயிற்றில் வரும். நள்ளிரவுக்கு மேல் எழுப்பும். உண்டால் சற்றே தணியும். இரைப்பைப் புண்ணின் நோவு பலர்க்கு உண்டபின் மிகும். ஆயினும் நோவை மட்டும் கொண்டு துணிதல் இயலாது.

தென்னிந்தியாவில் முன்சிறுகுடற் புண் வடபுலத்தினும் மிகுதியாக இருந்ததை இருபதாம் நூற்றாண்டின் மருத்துவர் பலர் பதிந்துள்ளனர். குமரி மாவட்டத்து நெய்யூர் அதற்கோர் எடுத்துக்காட்டு. 1922இலும் 1924இலும் எவரெசுட்டு மலையேற்ற முயற்சிகளிற் பங்குகொண்ட ஆங்கில அறுவை மருத்துவர் சாமர்வெல், முதல் முயற்சியின் பின் நாடு சுற்றியபோது, அப்போது திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மருத்துவமனையைக் கண்டார். காத்துக்கிடந்த நோயாளர் கூட்டம் அவரை அங்கேயே நிறுத்திவிட்டது. இருபதாண்டுக்கு மேல் அங்குத் தொண்டாற்றினார். அவர் கத்தி மிகுதியும் பட்டது, புண் வந்து வந்து ஆறித் தழும்பேறி வாயில் அடைபட்டுப்போன வயிறுகளிலேயே. அடைபட்டோர் முன்னாள் உண்டதை மறுநாள் வாந்தியெடுப்பர். உடல் வற்றி எலும்பாவர். இரைப்பையைத் துளைத்து, அடைப்புக்கு அப்பாலுள்ள சிறுகுடலோடு நேரே இணைத்துத் தைப்பதே அற்றை மருத்துவம்.

புண் ஏன் வந்தது? ஒருவர் உணவு வறுமை என்றார். ஒருவர் மரவள்ளிக் கிழங்கு என்றார். ஒருவர் மிளகாய் என்றார். மேலை நாடுகளிலோ பரபரப்பும் கவலையுமே முதல் என்றனர். 1910இல் கார்ல் சுவார்சு என்பார், காடி இல்லையேல் புண் இல்லை என்று கூறியது மருத்துவ உலகின் வாய்பாடாயிற்று. 1915இல் சிக்காகோ மருத்துவர் சிப்பி, மணிக்கொருமுறை பாலும் பாலேடும் பருகும் பத்தியத்தை வகுத்தார். பல்லாயிரவர் பல்லாண்டு அதனை மேற்கொண்டனர். வேறு பலர்க்கு இரைப்பையின் பகுதி வெட்டப்பட்டது. காடியைத் தூண்டும் நரம்பு அறுக்கப்பட்டது. 1976இல் சேம்சு பிளாக்கு குழுவினர் கண்ட 'சிமெட்டிடின்' என்னும் காடிகுறைப்பு மாத்திரை விற்பனைக்கு வந்தது. அது புண்ணை ஆற்றியது. ஆனால் மாத்திரையை நிறுத்திய பின் பெரும்பாலோர்க்குப் புண் மீண்டும் வந்தது. வாளை மழுங்கடித்தார்களேயன்றிக் கேடகத்தில் ஓட்டையிட்டவன் எவன் என்று யாரும் தேடவில்லை.

பெர்த்து நகரிற் கண்ட உண்மை

தேடியவர் இருவர். ஆத்திரேலியாவின் மேற்குக் கடற்கரையிலுள்ள பெர்த்து நகர மருத்துவமனையில் திசுவாய்வு செய்துவந்த இராபின் வாரன், 1979இல், வீங்கிய இரைப்பைச் சுவரின்மேல் சுருள்வடிவ நுண்ணுயிரிகள் ஒட்டியிருப்பதை நுண்ணோக்கியிற் கண்டார். அத்துணைக் கடுமையான காடியில் எந்த நுண்ணுயிரியும் குடியிருத்தல் இயலாது என்பதே அந்நாள் பாடம். எனவே அவர் சொல்லை ஏற்பார் அரியர். 1981இல் பாரி மார்சல் என்னும் இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். நூறு நோயாளிகளின் திசுவை ஆராய்ந்தனர். முன்சிறுகுடற் புண் இருந்த அனைவரிடமும் அந் நுண்ணுயிரி இருந்தது.

அதனை வெளியே வளர்த்துக் காட்டுதல் வேண்டுமே! வளர்ப்புத் தட்டுகளை இரண்டு நாள் பார்த்துவிட்டு எறிவது வழக்கம், ஒன்றும் வளரவில்லை. 1982இல் ஈசுட்டர் விடுமுறை குறுக்கிட்டதால் தட்டுகள் ஐந்து நாள் கிடந்தன. விடுமுறை கழிந்து பார்த்தபோது கிருமி முளைத்திருந்தது! மெதுவாக வளர்வதை விரைந்து எறிந்துவந்தனர் என்பது அப்போதே புலனாயிற்று.

அப்போதும் உலகம் நம்பவில்லை. 1984இல் மார்சல், அக் கிருமி வளர்த்த நீரைத் தாமே குடித்தார். சில நாளில் வாந்தியும் குமட்டலும் வந்தன, பத்தாம் நாள் அகநோக்கிக் குழாய் வழியே பார்த்தபோது, முன்பு நலமாயிருந்த இரைப்பை வீங்கியிருந்தது, கிருமியும் அங்கிருந்தது. இருவர்க்கும் 2005இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பெற்றது. கிருமிக்கு 1989இல் நிலைத்த பெயர் 'எலிக்கோபாக்டர் பைலோரி'. பொருள் நோக்கின், 'வாயில் காப்பானிடத்துச் சுருளுயிரி' என்பதே! கிரேக்கர் வைத்த வாயில் காப்பான் பெயர் இங்கும் வந்து நிற்றல் காண்க.

காடியில் அக் கிருமி வாழ்வது எங்ஙனம்? உடலில் இயல்பாயுள்ள யூரியா என்னும் பொருளை உடைத்து, காடியை முறிக்கும் அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றிப் போர்த்துக்கொள்கின்றது. வால்போன்ற இழைகளால் கோழையைத் துளைத்து அடியிற் பதிகின்றது. அதனால் சுவர் வீங்குகின்றது. பலர்க்குக் காடிச் சுரப்பு மிகுகின்றது. மிகுந்த காடி முன்சிறுகுடலில் பாய்ந்து அங்கும் கேடகத்தைச் சிதைக்கின்றது. உலக மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் உடலில் இது குடியிருப்பதாகக் கணிக்கப்பெற்றது. பெரும்பாலும் இளமையிலேயே, நெருக்கமான வீடுகளில், வாய்வழியாக ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தொற்றுகின்றது. துப்புரவான நீரும் கழிவறையும் இல்லாத இடங்களில் பரவல் மிகுதி. தொற்றியவருள் சிறுபகுதியினர்க்கே புண் வருகின்றது. அவரினும் சிலர்க்கே இரைப்பைப் புற்று வருகின்றது. 1994இல் உலக நலவாழ்வு அமைப்பின் புற்றாய்வு நிறுவனம் இதனைப் புற்றுண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பிற் சேர்த்தது.

அப்படியாயின் மிளகாய்? ஏற்கெனவே உள்ள புண்ணிற் பட்டால் எரியும். ஆயினும் புண்ணை உண்டாக்குவது அதுவன்று. சிங்கப்பூரில், மிளகாயை மிகுதியாக உண்ணும் மலாயர்க்கும் இந்தியர்க்கும் வருவதினும், குறைவாக உண்ணும் சீனர்க்கே இப் புண் மிகுதியாக வந்ததை மருத்துவர் கண்டனர். பட்டினி? வெறும்வயிற்றில் காடி புண்ணைச் சுடுவதால் நோவு தெரிகின்றது. நோவு தெரியும் வேளையை நோய் பிறந்த வேளையாக மயங்கிவிட்டனர். கவலை? அது நோவைக் கூட்டும், ஆறுதலைத் தாழ்த்தும், ஆயினும் பெரும்பான்மைப் புண்களுக்கு முதல் அதுவன்று. ஆகவே கடைசியில் உண்ணும் அப் பெண்ணின்மேல் சுமத்தப்பட்ட பழி பொய்ப்பழியே. அவளுக்கு வேளைக்கு உணவு வேண்டும். அஃது அவள் உரிமை. ஆயின் அவள் புண்ணுக்கு வேண்டுவது அறிவுரை அன்று, ஆய்வும் மருந்தும்.

இரண்டாம் முதல்: கடையில் வாங்கும் நோவடக்கி

கிருமிக்கு அடுத்த பெருங்கரணியம் நோவடக்கி மாத்திரைகள். ஆசுப்பிரின், ஐபுபுரோபன், டைக்குளோபினாக்கு முதலியன அவ் வகையின. கோழையையும் குருதியோட்டத்தையும் காக்கும் ஒரு பொருளை உடல் உண்டாக்குவதை இவை தடுக்கின்றன. இவ் வுண்மையை 1971இல் சான் வேன் என்பார் விளக்கி, 1982இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றார். முழங்கால் வலிக்கென்று முதியோர் மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி, நாள்தோறும் விழுங்கும் மாத்திரை, ஓசையின்றிக் கேடகத்தை அரிக்கின்றது. நோவையே அது அடக்கிவிடுவதால், புண் வந்ததும் தெரிவதில்லை. குருதி கசிந்த பின்னரே தெரிகின்றது. நெஞ்சக நோய்க்காக மருத்துவர் கொடுத்த ஆசுப்பிரினைத் தாமே நிறுத்திவிடுதலும் தவறு; மருத்துவரைக் கேட்டே எதுவும் செய்க. புகைபிடித்தல் புண் ஆறுவதைத் தடுக்கும். குடி உட்சுவரைப் புண்படுத்தும்.

அறிகுறிகளும் செய்யத்தக்கனவும்

பின்வருவனவற்றுள் ஒன்று தோன்றினும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். மலம் தார்போற் கருத்து, பிசுபிசுத்து, கெடுநாற்றத்தோடு போதல், குருதியாகவோ குளம்பித்தூள் கரைசல் போன்றோ வாந்தியெடுத்தல், முன்னாள் உண்டது மறுநாள் வாந்தியில் வருதல், உணவு தொண்டையில் அடைத்தல், கரணியமின்றி உடல் மெலிதல், வெளிறிச் சோகைபிடித்தல். இரும்பு மாத்திரை உண்பவர்க்கும் மலம் கருக்கும். அதனை மருத்துவரிடம் முன்னரே கூறுக. திடீரெனக் கத்தியாற் குத்தினாற்போல் நொந்து, வயிறு பலகைபோல் இறுகினால், புண் சுவரைத் துளைத்துவிட்டது என்பதற்கு அஃது அடையாளமாகலாம். அறுவைக்கு அன்றே விரைதல் வேண்டும். மேல்வயிற்று நோவோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் வரின், அதனை வாயுத்தொல்லை என்று சுக்குநீர் குடித்துக்கொண்டு கிடத்தல் கூடாது. நெஞ்சாங்குலை நோயும் அவ்வாறே தோன்றும்.

கிருமி உண்டா என்று அறிய வழிகள் பல. ஊதிய மூச்சை ஆராய்தல் ஒன்று. மலத்தை ஆராய்தல் மற்றொன்று. அகநோக்கிவழித் திசுவெடுத்துப் பார்த்தல் பிறிதொன்று. அகநோக்கி என்பது வாய்வழி உள்ளே செல்லும் மெல்லிய குழாய். சில நிமையங்களில் முடிந்துவிடும். காடிகுறைப்பு மாத்திரை உண்டுகொண்டே மூச்சாய்வோ மலவாய்வோ செய்தால் கிருமி இருந்தும் இல்லையென்று காட்டலாம். ஆய்வுக்கு இரு வாரம் முன்னரே நிறுத்தல் வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்க.

கிருமி இருப்பின், காடிகுறைப்பு மருந்தோடு இரண்டோ அதற்கு மேலோ நுண்ணுயிர்க்கொல்லிகள் சேர்த்துப் பெரும்பாலும் பதினான்கு நாள் கொடுப்பர். நோவு நான்காம் நாளே நின்றுவிடலாம். ஆயினும் பதினான்கு நாளும் உண்டு முடிக்க. இடையில் நிறுத்தினால், அரைகுறையாகப் பிழைத்த கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்துக் கிருமி ஒழிந்ததா என்று மீண்டும் ஆராய்தல் நன்று. ஒழிந்துவிட்டால், அதனால் வந்த புண் மீண்டும் வருதல் அரிது. நெய்யூரில் கத்தியைத் தேடி வந்த நோய், இன்று பெரும்பாலோர்க்கு இரு வார மாத்திரையில் தீர்கின்றது.

ஆனால் பலர் செய்வது வேறு. மருந்துக்கடையில் 'வயிற்றெரிச்சல் மாத்திரை' என்று கேட்டு வாங்கி, ஆண்டுக்கணக்காக உண்கின்றனர். கிருமி உள்ளே இருந்துகொண்டேயிருக்கும். சிலர்க்கு அடியில் வளரும் புற்றையும் அம் மாத்திரை சிலகாலம் மறைத்துவிடும். நோயை விட்டுவிட்டு நோவை மட்டும் துரத்தும் செயல் இது.

முடிவுரை

அவையீர்! ஒரு நூற்றாண்டுக்காலம் மருத்துவ உலகம் நோயாளியின் நாக்கையும் உள்ளத்தையும் குற்றஞ் சாட்டியது. குற்றவாளி நுண்ணோக்கியின் கீழே இருந்தான். கற்றோர் பாடம் தடுத்தும் தம் கண்ணை நம்பிய ஒருவரும், அவரை நம்பிய மற்றொருவரும் அவனைப் பிடித்தனர். வீடு திரும்புவோர் மூன்று செய்திகளைத் தம் வீட்டாரிடம் தமிழிலேயே எடுத்துச் சொல்லுக. இரைப்பைப் புண் நோயாளியின் குற்றமன்று; பெரும்பாலும் கிருமியாலோ நோவடக்கியாலோ வருவது. கருத்த மலத்தைக் கண்டால் அன்றே மருத்துவமனை. மருந்தைத் தொடங்கினால் முடிக்கும்வரை உண்க.

ஒரு சாண் வயிற்றுக்காக உழைப்பவர் கோடிக்கணக்கானோர். அவ்வொரு சாணுக்குள் என்ன நடக்கின்றது என்பதை அவர்தம் மொழியில் அவர்க்கு எடுத்துச் சொல்வது கற்றவர் கடன்.